இதில் மேலும் கேள்வி இல்லை

ஜூலை மாதத்தின் கடைசி நாள், வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு வெளியுறவுத் துறையின் ஆள் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். லெனோர் ஹாவ்லிசெக் அப்போது காலணியைக் கழற்றிவிட்டு மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து அமெரிக்க செனட்டுக்கு ஐந்து வார விடுமுறை. வெளித் தாழ்வாரத்தில் சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு முந்தைய நாளில் அந்தக் கட்டடம் புறப்படப் போகும் ரயில்போல இருக்கும். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் ஒரே அவசரத்தில் இருப்பார்கள்.

உறையைச் சாவகாசமாகப் பிரித்தாள். முதல் பக்கத்தின் மேல்மூலையில் இருந்த விற்பனை எண்ணைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். நாற்பத்தொன்று. ஆயிரத்து இருநூறு குண்டுகள். தரையில் விழுந்ததும் வெடிக்காமல், மண்ணைத் துளைத்து உள்ளே போனபிறகு வெடிக்கிற வகை. வாங்குகிறவர், கடலுக்கு அப்பால் ஒரு நட்பு அரசு. சட்டப்படி இந்த விற்பனை அவைக்குத் தெரிவிக்கப்படுகிறது என்று ஒரே ஒரு வாக்கியம். கீழே கையெழுத்து.

அந்தத் தாள் வந்திருக்கவே கூடாது.

வெளிநாட்டு அரசு ஒன்றுக்குப் பெரிய ஆயுதங்களை விற்பதற்கு முன்னால் துறை ஒரு வரைவை நான்கு பேருக்கு அனுப்பும். இரண்டு அவைகளின் வெளியுறவுக் குழுக்களிலும் இரண்டு கட்சிகளுக்கும் மூத்தவர்களாக இருக்கும் நான்கு பேர். நால்வரும் சரி என்று சொல்லும்வரை முறைப்படியான தாள் அவைக்கு வராது. ஏன் வராது என்றால் வராது, அவ்வளவுதான். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் எழுந்து போகாமல் இருப்பதைப் போன்ற மரியாதை அது. அதன் பெயர் ‘பிடித்து வைத்தல்’. இந்த விற்பனைக்கு மூன்று பேர் முதல் வாரத்திலேயே சரி என்று சொல்லிவிட்டார்கள். நான்காமவர் செனட்டர் ஆமோஸ் வார்ட்லா, செனட் குழுவில் லெனோரின் முதலாளி. அவர் சொல்லவில்லை. அவருக்காகச் சொல்லாமல் இருந்தது லெனோர்.

சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு வேலைத்திறன் வேண்டும். வெறுமனே முடியாது என்றால் சண்டை வரும். லெனோர் கேள்வி கேட்டாள். பதில் வராத ஒரு கேள்வி பாக்கி இருக்கும்வரை எதுவும் முடிந்ததாக ஆகாது. பதில் வந்தால் அந்தப் பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பாள். பதினான்கு மாதங்களில் நாற்பத்து மூன்று கேள்விகள். ஒன்றுகூடச் சும்மா கேட்டதில்லை என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. சாத்தப் பார்க்கும் கதவின் இடுக்கில் காகிதத்தை மடித்து மடித்துச் செருகிக்கொண்டே இருக்கிற வேலை. உலகத்தின் ஒரு மூலையில் ஒரு ஊர் இன்னும் இருப்பது இந்தக் காகிதத்தால்தான் என்று சில மாலைகளில் வீட்டுக்கு நடந்து போகும்போது நினைத்துக்கொள்வாள். நினைத்ததற்கு வெட்கமும் படுவாள்.

அந்த ஊரிலிருந்து வந்தவர் டாக்டர் முனீஃப். அங்கே அறுவை சிகிச்சை நிபுணர். இங்கே அவருடைய பட்டம் செல்லாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை மட்டும் ஊரை விட்டு வராமல் அங்கேயே ஒரு சிறிய பிரசவ விடுதியை நடத்திவந்தாள். குண்டு வாங்கும் அந்த அரசே தன் நாட்டின் அந்த ஊர்ச் சந்தையில் குண்டு போட்ட படங்களைக் கொண்டுவந்து வார்ட்லாவின் முன்னால் பரப்பியவர் முனீஃப்தான். வார்ட்லா அன்று மாலையே அவையில் எழுந்து பேசி இந்த விற்பனையைப் பிடித்து வைத்தார். அதன்பிறகு ஒன்றுவிட்ட வியாழன்தோறும் மதியம் முனீஃபின் அழைப்பு வரும். இன்னும் நிற்கிறதா என்று கேட்பார். நிற்கிறது என்பாள். நன்றி சொல்லி வைத்துவிடுவார்.

லெனோர் துறைக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அங்கே அவளுடைய கேள்விகளை வாங்கிப் பதில் சேகரித்துத் தருகிறவன் கேரிக் ஆய்லர். எதிரெதிர் பக்கம் இருந்தாலும் ஆண்டுகள் போகப் போக ஒருவர் மற்றவரின் இருமலைக்கூட அடையாளம் கண்டுகொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

“கேரிக், ஒரு தாள் தப்பா வந்திருக்கு.”

“எது?”

“நாற்பத்தொண்ணு.”

அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். மெல்வதை நிறுத்தினான்.

“தப்பா வரலையே. நீதானே முடிச்சு விட்ட?”

“நானா?”

“செவ்வாய்க்கிழமை. வாசிக்கட்டுமா?” விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “‘நன்றி, கேரிக். இதில் மேலும் கேள்வி இல்லை.’”

அவளுக்கு அந்த இடம் முழுதாக நினைவுக்கு வந்தது. அடித்தளத்து உணவகத்தில் பீன்ஸ் சூப்புக்காக வரிசையில் நின்றிருந்தாள். கையில் தட்டு. நாற்பத்து மூன்றாவது கேள்விக்கான பதில் அப்போதுதான் கைபேசியில் வந்தது. குண்டு போடக்கூடாத கட்டடங்களின் பட்டியலை விமானிகளுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நான்கே வரியில், சுற்றி வளைக்காமல், ஒரு பெயரோடு பதில் இருந்தது. துறை அப்படி நேராகப் பதில் சொல்வது அபூர்வம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மற்றக் குழு ஊழியர்கள் துறையின் அஞ்சல்களுக்குப் பதிலே போடமாட்டார்கள். மௌனம்தான் அவர்கள் ஆயுதம். லெனோர் நெப்ராஸ்காவில் ஒரு சோளக்காட்டு ஊரில் பிறந்தவள். அங்கே வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாதவரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பேசுவார்கள். எனவே கட்டைவிரலால் ஒரு வரி தட்டினாள். அதற்குள் சூப் ஊற்றுகிற பெண் அடுத்தது என்றாள்.

“‘இதில்’னா அந்தக் கேள்வியில, கேரிக். நாற்பத்து மூணாவது கேள்வியில.”

“அஞ்சலோட தலைப்புல நாற்பத்தொண்ணுன்னுதான் இருந்துச்சு.”

“அந்தத் தலைப்பு நீ போட்டது. பதினாலு மாசமா ஒரே தலைப்பு.”

“ஆமா,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். “பதினாலு மாசத்துல நீ ஒரு தடவைகூட அப்படி எழுதினதில்லை, லெனோர். நான் ரெண்டு தடவை படிச்சேன். மேல கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஒருத்தர் கேக் வாங்கிட்டு வந்தாரு.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வேண்டுமென்றே தப்பாகப் படித்திருந்தால் அவளால் கோபப்பட்டிருக்க முடியும்.

தாளைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டாள். முடியும், முன்பு இரண்டு தடவை நடந்திருக்கிறது என்றான் கேரிக். ஆனால் ஊழியர் சொல்லி நடக்காது. செனட்டரே துறைத் தலைவரை அழைத்துத் தான் சம்மதிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதுவும் நாளை நண்பகலுக்குள். நண்பகலில் அந்த நாட்டின் தூதரகத்துக்குப் பிரதி போய்விடும். அவர்கள் ஊரில் அறிவித்துவிடுவார்கள். அறிவித்ததைத் திரும்பப் பெறுவது அவமானம். அதற்கு யாரும் துணியமாட்டார்கள்.

“கூப்பிடுவாரா?” என்று கேட்டான்.

“கூப்பிடுவார்,” என்றாள் லெனோர்.

ஐந்து மணிக்குக் கடைசி வாக்கெடுப்பு. அலுவலகக் கட்டடத்திலிருந்து அவைக்கு நிலத்தடியில் ஒரு சின்ன ரயில் ஓடும். பயணம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இல்லை. செனட்டர்களைத் தனியாகப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும். வார்ட்லா எழுபத்தாறு வயது உயரமான மனிதர். முட்டி வலியால் படியில் இறங்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். லெனோரைப் பார்த்ததும் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

“செனட்டர், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

நடந்ததை அவள் மறைக்காமல் சொன்னாள். சூப் வரிசை உட்படச் சொன்னாள். அவர் அஞ்சலைப் பார்க்க வேண்டும் என்றார். அவளுடைய கைபேசியை வாங்கிக் கையை முழுதாக நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார். “இதில்,” என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். வாயில் போட்ட மிட்டாயைப் புரட்டுவதுபோல இருந்தது.

நீங்கள் ஒரே ஒரு அழைப்பு அழைத்தால் போதும், நாளை நண்பகல் வரை நேரம் இருக்கிறது என்றாள்.

“கூப்பிட்டு என்ன சொல்லணும்?”

“உங்க ஆள் தப்பா எழுதிட்டா, நீங்க சம்மதிக்கலைன்னு.”

“அப்ப அடுத்த தடவை நான் நிஜமாவே சம்மதிச்சா, அதுவும் ஒருவேளை தப்பா இருக்குமோன்னு நினைப்பாங்க. இந்த ஏற்பாட்டுக்கு எழுத்துல ஒண்ணும் இல்லை, லெனோர். நம்ம வாய் வார்த்தைதான். அதை நாமே இல்லைன்னு மாத்தினா, அவங்க நம்மளைக் கேக்கறதையே விட்டுடுவாங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. லெனோருக்கு இதற்குப் பதில் தெரியும். இருபது தடவை மற்றவர்களுக்கு அவளே சொன்ன பதில். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் ரயில் நின்றுவிட்டது. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். வார்ட்லா எழுந்திருக்கவில்லை.

“அக்டோபர்லேர்ந்து ஏழு பேர் என்கிட்ட இதைப் பத்திக் கேட்டாங்க,” என்றார். “ஏழு பேரும் நம்ம கட்சி. நேத்துக்கூட ஒருத்தர், ‘என்ன ஆமோஸ், இன்னும் அந்தச் சுமையைத் தோள்ல வெச்சுக்கிட்டுத்தான் திரியறியா’ன்னாரு. எங்க இறக்கி வைக்கிறதுன்னு தெரியாம நின்னுட்டிருந்தேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே, செனட்டர்.”

“சொல்லியிருந்தா நான் சொன்னதா ஆயிருக்கும்.”

அவளுக்கு உடனே புரியவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்ட்லா கம்பியைப் பிடித்து எழுந்தார். போகும்முன் அவளுடைய தோளில் கையை வைத்தார். கனமான, சூடான கை. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவள்மீது ஒரு குறையும் வராமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேண்டுமானால் இந்த விற்பனையை ஏற்கவில்லை என்று ஒரு தீர்மானம் எழுது, என் பெயரில் போடலாம், அழுத்தமாக எழுது என்றார்.

ஒரு கணம் அவள் நிமிர்ந்தாள். பிறகு நாள்காட்டி நினைவுக்கு வந்தது. தாள் வந்ததிலிருந்து முப்பது நாள் அவைக்கு அவகாசம். அதற்குள் இரண்டு அவைகளும் சேர்ந்து தடுக்காவிட்டால் விற்பனை நடக்கும். அந்த முப்பது நாளில், அவை தூங்குகிற நாட்களும் சேரும். ஆகஸ்ட் முழுவதும் அவை தூங்கும். அது வார்ட்லாவுக்கும் தெரியும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், பத்தொன்பது வருடத்துக்கு முன்னால்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு வார்ட்லா விமானத்தில் ஏறியிருந்தார். லெனோர் அவருடைய கைபேசிக்கு நான்கு தடவை முயன்றாள். பிறகு கேரிக்குக்குத் தானே ஓர் அஞ்சல் எழுத ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை நான் எழுதியது ஒரு கேள்வியைப் பற்றியது, விற்பனையைப் பற்றியது அல்ல, செனட்டர் வார்ட்லா இதை இன்னும் பிடித்து வைத்திருக்கிறார். தெளிவான மூன்று வரிகள். எந்தச் சொல்லையும் இரண்டு விதமாகப் படிக்க முடியாது. எழுதி முடித்த பிறகுதான் மூன்றாவது வரி பொய் என்று தெரிந்தது. செனட்டர் எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை. நேற்று மாலை ஐந்து மணியோடு கையை எடுத்துவிட்டார். அவருடைய குரலில் அவர் சொல்லாததைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. மூன்றாவது வரியை அழித்தாள். அது இல்லாமல் மற்ற இரண்டு வரிகளுக்கு அர்த்தமில்லை. அவற்றையும் அழித்தாள். வெளியே ஒரு மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்தது.

ஆகஸ்டில் அந்தக் கட்டடத்தில் கம்பளம் மாற்றுவார்கள். தாழ்வாரங்களில் பசையின் நாற்றம். பழைய கம்பளங்கள் சுருட்டப்பட்டு, நீளமான மிருகங்கள் தூங்குவதுபோலச் சுவர் ஓரம் கிடந்தன. லெனோர் தீர்மானத்தை எழுதினாள். நல்ல தீர்மானம். வார்ட்லாவோடு சேர்ந்து கையெழுத்துப் போட இன்னும் இரண்டு செனட்டர்களைத் தேடிப் பிடித்தாள். ஒருவர் மீன்பிடிக்கப் போன ஏரியிலிருந்து சரி என்றார். அவர் எதற்குச் சரி என்றார் என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம். வாக்கெடுப்பு மட்டும் யாராலும் நடத்த முடியாது. வாக்களிக்க ஆள் இல்லை.

மூன்று நாளுக்கு ஒருமுறை அவை கூடியதாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மேல்மாடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். காலியான நூறு மேசைகள். ஒரு செனட்டர் உள்ளே வந்தார். சுத்தியலைத் தட்டினார். அவை கூடியது என்றார். அவை கலைந்தது என்றார். திரும்ப ஒரு தட்டு. முப்பது விநாடிகூட இருக்காது. போகும்போது தன் கைக்கடிகாரத்தைக் காவலரிடம் காட்டி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அன்று பன்னிரண்டாவது நாள்.

அவள் ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு குழுவின் தலைமை ஊழியர் பிரென்டிஸ் கோய்லிடம் போனாள். கோய்ல் எதிர்க்கட்சிக்காரர். ஆனால் ஊழியர்களை நியமிப்பதும் நீக்குவதும் அவர் மேசை வழியாகத்தான் போகும். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“எதுக்கு?”

“பெரிய தப்புப் பண்ணிட்டேன்.”

“தப்பா?” என்று சிரித்தார். “வார்ட்லாவை இவ்வளவு சுத்தமா இறக்கிவிட்டது யாருன்னு கட்டடமே பேசிட்டிருக்கு. அவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எதிர்த்துத் தீர்மானமும் போட்டாச்சு. யார்கிட்டயும் ஒரு மனத்தாங்கல் கிடையாது. முப்பது வருஷமா நான் இங்க இருக்கேன். இப்படி ஒரு வரி எனக்கு எழுத வந்ததில்லை.”

“அது நிஜமாவே தப்புதான், பிரென்டிஸ்.”

“ஆமா ஆமா,” என்று ஒரு கண்ணை மூடித் திறந்தார். “நானும் அப்படித்தான் சொல்லுவேன்.”

கடிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார்.

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சைப் பல இடங்களில் கேட்டாள். மின்தூக்கியில் ஒரு நாள், அவளை அடையாளம் தெரியாத இரண்டு பேர் வேறொரு விற்பனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் செனட்டரும் மாட்டிக்கொண்டு முழிக்கிறார் என்றான் ஒருவன். “அப்ப ஒரு லெனோர் பண்ணிவிட வேண்டியதுதானே,” என்றான் இன்னொருவன். எல்லாருக்கும் புரிகிற சொல்லாக அது ஆகியிருந்தது. அவளுடைய பெயர் அவளைவிட்டு நடந்துபோய் அந்தக் கட்டடத்தில் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டதுபோல இருந்தது. இரண்டாவது மாடியில் கதவு திறந்ததும் அவள் இறங்கிக்கொண்டாள். அவள் போக வேண்டியது நான்காவது மாடி.

ஆகஸ்ட் ஏழாம் தேதி மதியம் முனீஃபின் அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. இருபத்தொன்றாம் தேதியும் வந்தது. மேசைமேல் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பதாவது நாள் ஒரு சனிக்கிழமை. அன்று எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அதன் முடிவு. ஞாயிற்றுக்கிழமை காலை லெனோர் ரயிலேறி ஆற்றைத் தாண்டிப் போனாள். முனீஃப் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்கு வருவார் என்று அவளுக்குத் தெரியும். மருத்துவமனை உணவகத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் வேகவைத்த முட்டையும் ஆலிவும். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பாதியை அவளுக்குக் காகிதக் கைத்துடைப்பில் வைத்துக் கொடுத்தார்.

தான் வந்த காரியத்தைச் சொல்ல அவள் வழியெல்லாம் வாக்கியம் தேடிக்கொண்டு வந்திருந்தாள். தேவைப்படவில்லை.

“எனக்கு ஒண்ணாம் தேதியே தெரியும், மிஸ் லெனோர்,” என்றார். “எங்க அரசாங்க டிவியில பாட்டெல்லாம் போட்டுச் சொன்னாங்க.”

“தெரிஞ்சுமா ரெண்டு தடவை கூப்பிட்டீங்க?”

“உங்ககிட்ட வேற ஒண்ணு கேக்கணும்னு.”

அவள் தன்னுடைய தப்பைச் சொன்னாள். அந்த ஒரு வரியை, அந்த ஒரு சொல்லை, சூப் வரிசையை. அவர் கவனமாகக் கேட்டார். மருத்துவர்கள் நோயாளியின் கதையைக் கேட்பதுபோல, தனக்கு வேண்டியது மட்டும் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்டார். அது எங்கேயும் வரவில்லை. முடிந்ததும் தலையை மட்டும் அசைத்தார். மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அது நடந்து முடிந்த விஷயம். அவருடைய கேள்வி இனி நடக்கப்போவதைப் பற்றியது.

குண்டுகள் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டார். ஒன்றரை வருடம் ஆகலாம் என்றாள். அவர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு ஒரு கைத்துடைப்பை விரித்துப் பேனாவால் கோடு போட்டார். மேல் கோடு தரை. கீழே ஒரு சதுரம். தங்கை விடுதியைப் போன வருடமே நிலத்தடிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். பழைய வெங்காயக் கிடங்கு ஒன்றின் அடியறை. மூன்று மீட்டர் ஆழம். இன்னும் தோண்டலாம் என்று நினைக்கிறார்கள். ஆண்கள் இல்லை. பிரசவம் பார்க்க வரும் பெண்களின் அக்கா தங்கைகள் கூடையில் மண் சுமக்கத் தயாராக இருக்கிறார்கள்.

“அந்தக் குண்டு எவ்வளவு ஆழம் போகும்?”

லெனோர் ரொட்டியைக் கீழே வைத்தாள். அவளுடைய பத்தொன்பதாவது கேள்வி அதுதான். ஜன்னலே இல்லாத ஓர் அறையில், கைபேசியை வெளியே பூட்டி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட பிறகு அவளுக்குப் பதிலைக் காட்டினார்கள். ஒரு சிறிய அட்டவணை. கான்கிரீட், பாறை, ஆற்று வண்டல் என்று மூன்று வரிசைகள். குறிப்பு எடுக்க அனுமதி இல்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

“அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, டாக்டர்.”

“தெரியாதுன்னு நீங்க சொல்லலை.”

“இல்லை.”

அவர் முட்டையின் ஓட்டைப் பொறுமையாக உரித்தார். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் யாருக்கோ குழந்தை பிறந்ததற்கு இனிப்பு ரொட்டி பங்கிட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு அந்த நம்பர் வேண்டாம்,” என்றார். “எங்க ஊர்ல அஞ்சு மீட்டருக்குக் கீழ போனா ஊத்து வந்துடும். பம்பு போட்டாலும் நிக்காது. அதனால அது ஏழா இருந்தாலும் ஒண்ணுதான், இருபதா இருந்தாலும் ஒண்ணுதான். நான் கேக்கறது வேற. அஞ்சு மீட்டர் போதும்னா தோண்டச் சொல்றேன். பத்தாதுன்னா அந்தப் பொம்பளைங்க எதுக்கு முதுகு ஒடிய மண்ணு சுமக்கணும்? அவங்களுக்குச் சோறே பாதி வயித்துக்குத்தான்.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. உப்பை விரலால் எடுத்து முட்டையில் தூவிக்கொண்டிருந்தார். அவள் தன் வாயிலிருந்து வரப்போகும் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட தாளில் தண்டனை எத்தனை வருடம் என்றுகூட எழுதியிருந்தது. அதைப் பற்றி அவள் பயப்படவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. பதினான்கு மாதங்கள் அந்த ஊருக்காக அவள் செய்ததெல்லாம் கரைந்துபோய், கடைசியில் அவள் கையில் மிஞ்சியது இதுதான். இதுவும் ஒரு உதவிதான். வேண்டியவர்களுக்கு யாரும் கொடுக்க விரும்பாத உதவி.

“தோண்ட வேண்டாம்னு சொல்லுங்க, டாக்டர்,” என்றாள்.

முனீஃப் தலையசைத்தார். சரியாகக் கேட்டதா என்று திரும்பக் கேட்கவில்லை. கைத்துடைப்பில் போட்ட படத்தை நாலாக மடித்தார். இன்னும் நாலாக மடித்தார். அதற்குமேல் மடிக்க முடியாதபோது சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தங்கைக்கு என்ன சொல்வீர்கள் என்று அவள் கேட்டாள். மண் தோதாக இல்லை என்று ஒரு பொறியாளர் சொன்னதாகச் சொல்லப்போவதாகவும், அவள் படித்தவள், அநேகமாக நம்பமாட்டாள் என்றும் சொன்னார்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இடைவேளை முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. தட்டை அவள் பக்கம் நகர்த்தி, ஆலிவையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.